சித்தார் பயின்ற கிற்றார்க் கலைஞர்

ஜோர்ஜ் ஹரிசன் 2001ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, தமது 58ஆவது வயதிற் புற்றுநோயால் இறந்தார். லிவர்பூல் நகரத்துப் 'பீற்றில்ஸ்' குழுவினர் நால்வருள் அதிகம் பேசாதவர் அவரே என்பர். எனக்கு அவர்பால் உண்டான அன்புக்குக் காரணம் வேறு.

1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை. என் தமையனார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைக் கையாற் சுழற்றுவார். டைனமோவிற் பிறக்கும் மின்னால் ஒலிநாடாக் கருவி பாடும். கை சோர்ந்தாற் பாட்டுஞ் சோரும். ஹரிசனின் குரலை அதன் இயல்பான கதியில் நான் கேட்டது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே! 1970இல் வெளிவந்த 'மை சுவீற் லோட்' என்னும் பாடலிற் கிருஷ்ண நாமம் வரும். அது காதில் விழுந்ததும் ஆச்சி அடுக்களையிலிருந்து எழுந்து வருவார். "உதார் மோனை கிருஷ்ணரைப் பாடுறது?" என்பார்.

1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்தோம். ஒலிநாடாக்கள் வீட்டோடு போயின. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தங்கியிருந்தபோதே தமையனார் 1971இன் கதையைச் சொன்னார். கிழக்கு வங்கத்து மக்கள் போரினால் இலட்சக்கணக்கில் அகதிகளான காலம் அது. வங்காளக் குடும்பத்தவரான ரவிசங்கர் உதவி கேட்க, ஹரிசன் தம் நண்பர்களைத் திரட்டி, ஓகஸ்ட் 1ஆந் திகதி நியூயோர்க்கில் இரு கச்சேரிகள் நடத்தினார். ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் வந்த வருவாய் வரித் தகராற்றிற் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது உண்மையே. ஆயினும், முன்பின் அறியாத அகதிகளுக்காக ஒருவர் அரங்கு கூட்டினார் என்னுஞ் செய்தி, அந்தத் தாழ்வாரத்தில் எங்களுக்குப் பெரிதாயிருந்தது.

ஆசிரியனான பின்னர் அவரிடம் வேறொன்றைக் கண்டேன். 1966இல், புகழின் உச்சியில் இருந்தபோதே, சித்தார் பயில இந்தியா சென்று ரவிசங்கர் முன் தொடக்கநிலை மாணாக்கராய் அமர்ந்தார். சில ஆண்டுகளில், தாம் அக்கருவியிற் பெருங் கலைஞராக இயலாது எனத் தாமே உணர்ந்து கிற்றாருக்குத் திரும்பினார். வாத்தியத்தை விட்டாரேயன்றிக் குருவை விடவில்லை. பாடம் கைகூடாவிட்டால் ஆசிரியரைக் கண்டு ஒளிக்கும் பிள்ளைகளை நான் நாள்தோறும் காண்பவன். ஆதலால் இது எனக்கு அருமையாகத் தோன்றுகிறது. 1997இல் ரவிசங்கரின் மந்திர இசைத்தட்டு வெளிவந்தபோது, அதனைத் தயாரித்தவர் ஹரிசனே.

கனடாவிலுள்ள தமையனார் அதனை எனக்கு அனுப்பினார். மாணவனொருவன் இரவலாகக் கொண்டுபோயிருக்கிறான். இன்னும் திரும்பி வரவில்லை.