பாரக் கணக்கு

பொள்ளாச்சியினின்று வால்பாறைக்கு ஏறுஞ் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள. அவ்வழியே, உள்ளே உறங்க வசதியுள்ள 1,500 கிலோ டிரெயிலரைத் தம் பிக்கப் வண்டியிற் பூட்டிச் செல்ல எம் அம்மான் விழைந்தார். “எஞ்சின் இழுக்குமப்பா” என்றார்.

யாம் கணக்கிட்டோம். பதிவுச் சான்றின்படி பிக்கப்பின் நிறைசுமை எடை 2,700 கிலோ, வெற்றெடை 1,700. எஞ்சிய 1,000-இல் ஐவர்க்கு 350, சாமான்களுக்கு 500 போக 150 நிற்கும். டிரெயிலரின் எடையிற் பத்திலொரு பங்கேனும் கொக்கியின்மேல் அமர்தல் வேண்டும். குறையின் அது பாம்பென நெளியும். அப்பங்கும் பிக்கப்பின் சுமையே. பலர் இதனை எண்ணார். மயிலிறகும் மிகுந்தால் அச்சை முறிக்குமென்ற வள்ளுவர் எண்ணியிருப்பார். 150-க்கு 150 சரியாயிற்று.

ஆயினும் டிரெயிலருக்குத் தனிப் பிரேக் இல்லை. ஏற்றத்தில் இழுபடுவது இறக்கத்தில் தள்ளும். அதனைச் சொன்னோம். அம்மான் நெடுநேரம் பேசாதிருந்து, டிரெயிலரை ஆழியாற்றிலேயே விட்டுச்செல்ல இசைந்தார்.