மாட்டுக்கு விலை சொல்லத் தெரிந்த ஊர்

நேயர்களில் எத்தனை பேர் கண்ணபுரம் மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களோ, அறியேன். சித்திரை மாதத்தில், மாரியம்மன் தேரை ஒட்டிக் காங்கேயம் மாடுகள் அங்கே வந்து கூடும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். பிறகு துண்டைக் கைமேல் போர்த்துக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது நம் பக்கத்துச் சந்தைகளின் பழைய சம்பிரதாயம். விற்கிறவர் தம் காளையின் குணாதிசயங்களைக் கூச்சமின்றி வர்ணிக்கிறார். அதை யாரும் தற்புகழ்ச்சி என்று சொல்வதில்லை. அதே மனிதர் தம் மகனை உத்தியோகத்திற்கு அனுப்பும்போது மட்டும், "அவங்களாப் பாத்துக் குடுக்கறத வாங்கிக்க, சாமி" என்று புத்தி சொல்லுகிறார். காளைக்கு இருக்கிற யோக்கியதை பி.ஏ. படித்த பிள்ளைக்கு இல்லாமற் போயிற்று!

உபாத்தியாயர்களாகிய எங்கள் விஷயம் இன்னும் விசித்திரமானது. சில வருஷங்களுக்கு முன், கோயமுத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்திற்கு மாற எண்ணி அதன் தாளாளரைப் பார்க்கப் போனேன். அவர் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "இது புண்ணியமான தொழிலுங்க. இதுல போயிச் சம்பளத்தைப் பெருசாப் பேசலாமுங்களா?" என்றார்.

"புண்ணியந்தானுங்க. ஆனா, வீட்டுக்காரரு வாடகையைப் புண்ணியத்துல கழிச்சுக்க மாட்டேங்கறாருங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். தொகை மட்டும் அசையவில்லை.

நான் ஒரு கணக்கு எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு 40 பிள்ளைகள், வாரம் ஒரு தரம் 200 கட்டுரை நோட்டுகள். நோட்டுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் பத்து மணி நேரம். இந்தப் பத்து மணி எந்தக் கால அட்டவணையிலும் கிடையாது. பக்கத்துப் பள்ளிகளில் இதே பாடத்திற்கு என்ன தருகிறார்கள் என்றும் விசாரித்திருந்தேன். இரண்டையும் எடுத்துச் சொல்லி, வேண்டிய தொகையையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பேரத்தில் பிரம்மப் பிரயத்தனம் இதுதான்: சொன்ன பிறகு சும்மா இருப்பது. "பரவாயில்லைங்க, குறைச்சே குடுங்க" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவை நினைத்து அதை விழுங்கினேன். கேட்ட உயர்வில் பாதி கிடைத்தது. ஒரு வகுப்பும் குறைந்தது.

இந்தக் கணக்கை எனக்குக் கற்பித்தது சர்வகலாசாலை அன்று. சோமனூர்ப் பக்கத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் மாமா ஒருவர். தறி அவருடையது, பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை, நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. மின்சாரம், உதிரி சாமான், ஆள் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஒரு மீட்டருக்கு என்ன ஆகிறது என்பதைப் பைசா சுத்தமாகச் சொல்லுவார்.

ஆனால், மதிப்பை அறிந்தவருக்கெல்லாம் அது கிடைத்துவிடுகிறதா? 2021 நவம்பரில் சோமனூர் ரகத்திற்கு 23 சதவீதமும், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். அது கைக்கு வரவில்லையென்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் மறுபடியும் வேலைநிறுத்தம். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, 15-ம் 10-மாக முடிந்தது. அப்போது அவர்கள் கேட்டது தொகை மாத்திரமன்று; பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டுமென்றார்கள். தறியின்மேல் கடனை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சும்மா இருந்தவர்களுக்கு முன்னால், நான் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய காரியமா?

சர்க்கார் உத்தியோகத்தில் பேரத்துக்கே இடமில்லை. அங்கே காலண்டர்தான் மதிப்புப் போடுகிறது. 2009 ஜூன் முதல் தேதிக்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாயாக இருந்தது. அன்றும் அதற்குப் பின்னும் சேர்ந்தவருக்கு 5,200. இருவரும் சொல்லிக்கொடுத்தது ஒரே அரிச்சுவடி!

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பி.எட். முடித்திருக்கிறாள், மறுநாள் பேட்டி. "எவ்வளவு கேக்கறதுங்க ஸார்?" என்றாள். நோட்டுக் கணக்கைப் போடச் சொன்னேன். விசாரித்து வந்தவற்றையும் எழுதச் சொன்னேன். கடைசியில் ஒரு தொகை வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். மெல்லச் சொன்னாள், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இன்னொரு தரம் சொல்லம்மா" என்றேன். மூன்றாவது தரம் சொன்னபோது, சமையலறையிலிருந்த என் மனைவி, "அவ்வளவு தருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.