தெரியாததை ஒதுக்கிவைத்த இயந்திரம்

மொன்றியலில் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். பாடசாலை அறிவித்தல், வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரிக் கடிதம் என்று வரும். இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நாம் காலத்துக்கு முந்திவிட்டோமா பிந்திவிட்டோமா என்று கேட்கிறார்கள். எந்த வேலைக்கு முந்தினோம், எந்த வேலைக்குப் பிந்தினோம் என்றல்லவா கேட்க வேண்டும்?

1966இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்று, இயந்திரம் மொழிபெயர்ப்பது மெதுவானது, செலவும் கூடியது என்று அறிக்கை கொடுத்தது. அங்கே நிதி வற்றியது. கனடாவிலோ 1969இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. மொழிபெயர்க்க வேண்டிய தாள்கள் குவிந்தன. கோட் தே நேஜ் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்குழு இயந்திர மொழிபெயர்ப்பில் ஊன்றி நின்றது. 1977இல் அவர்களுடைய 'மெத்தேயோ' என்ற அமைப்பு வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றத் தொடங்கியது. 2001 வரை ஓடியது. உச்சத்தில் நாளொன்றுக்குச் சுமார் 80,000 சொற்கள்!

வானிலை அறிக்கையில் சொற்கள் கொஞ்சம், வாக்கியங்கள் தந்தி போலக் குறுகியவை. மனிதர்களுக்கோ அந்த வேலை சலித்துப்போய், மொழிபெயர்ப்பாளர்கள் நிலைக்கவே இல்லை. அதே குழு விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று உருவாக்கிய அமைப்பு 1981இல் கைவிடப்பட்டது. அதே பல்கலைக்கழகம், அதே ஊன்றிய உழைப்பு. மழைக்கும் பனிக்கும் காலம் கனிந்திருந்தது, விமானத்துக்குக் கனியவில்லை.

2003இல் யோசுவா பெஞ்சியோவும் சகாக்களும் இதே பல்கலைக்கழகத்திலிருந்து, சொற்களை எண்வரிசைகளாகக் கற்கும் மொழி மாதிரியை வெளியிட்டார்கள். அதைப் பெரிய அளவில் பயிற்றுவிக்கும் வலு அப்போதைய கணினிகளுக்கு இல்லை. 2014இல் பாடனாவ், சோ, பெஞ்சியோ மூவரும், ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் மூலவாக்கியத்தில் எங்கே பார்ப்பது என்பதை இயந்திரமே கற்றுக்கொள்ளும் வழியைக் காட்டினார்கள். இன்று எல்லார் கையிலும் இருக்கும் மொழிபெயர்ப்புக்கு அது ஒரு வேர்.

ஆனாலும் என் மனம் மெத்தேயோவிடமே திரும்புகிறது. தன் இலக்கணத்துக்குள் அடங்காத வாக்கியம் வந்தால் அது ஊகிக்காது. ஒதுக்கி, மனிதரிடம் அனுப்பிவிடும். இன்றைய இயந்திரம் தமிழில் சரளமாக எழுதுகிறது. 'இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டாம்' என்பதில் 'வேண்டாம்' 'வேண்டும்' என்று மாறிப்போனாலும் அதே சரளம்தான். தெரியாததை ஒதுக்கிவைப்பது என்று 1977இல் மொன்றியலில் கண்டுகொண்ட அந்த ஒன்றை நாம் இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை.

அதனால், தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது பிரித்துவைக்கும் வேலை. பாடசாலை விடுமுறை அறிவித்தல் இயந்திரத்துக்குப் போகலாம். சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் கடிதத்தை மூலத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கையாலேயே எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் தாள்களை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வரட்டும், சேர்ந்து இருந்து பார்ப்போம்.