கூச்சலிட்டவர்களுள் நானும் ஒருவன்

பட்டப்பின் படிப்புக்காக ஐக்கிய அமெரிக்காவிலே தங்கியிருந்த காலத்தில் நான் கூடைப்பந்தாட்டத்தின் இரசிகனானேன். நான் பயின்ற பல்கலைக்கழகத்தின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. குளிர்காலத்திலே மாலை ஐந்து மணிக்கே இருண்டுவிடும் அச்சிறு நகரில், மக்களை ஓரிடத்திற் கூட்டுவது பல்கலைக்கழகத்தின் ஆட்ட அரங்கம் ஒன்றே. முதலிற் குளிருக்கு ஒதுங்கியவனாகவே அங்கு சென்றேன். இரண்டாம் மாதத்தில் 'எங்கள் அணி' என்று பேசத் தொடங்கிவிட்டேன். பிறந்த மண்ணைப் பிரிந்திருப்பவனுக்கு 'எங்கள்' என்னும் சொல் எத்துணை ஆறுதல் தரும் என்பதைப் பிரிந்திருந்தவர் அறிவர்.

ஆயின், எங்கள் அணி தோற்றுக்கொண்டேயிருந்தது. இடைவேளை வரை முன்னின்று, இறுதிப் பத்து நிமிடங்களிலே தளர்ந்துவிடுவது அதன் வழக்கமாயிற்று. குற்றம் முழுவதும் பயிற்றுநர் தலையிலே விழுந்தது. களைத்த ஆட்டக்காரரை ஏன் மாற்றவில்லை? எதிரணி தொடர்ந்து புள்ளிகள் பெறும்போது ஏன் ஆட்டத்தை நிறுத்தி ஆலோசனை கூறவில்லை? பெப்ரவரி மாதத்தில், அவரை விலகுமாறு கோரும் கூச்சல் அரங்கத்தையே அதிரச் செய்தது. நானும் கூச்சலிட்டேன். தமிழிலும் ஏசினேன், அங்கு அதனை விளங்கிக்கொள்வார் எவருமில்லை என்ற துணிவு!

அதே வாரத்தில் வேறொன்று நிகழ்ந்தது. முதலாண்டு மாணவருக்குப் புள்ளிவிபரவியற் பயிற்சி வகுப்பு நடத்துவது எனது கடமைகளுள் ஒன்று. இடைத்தவணைப் பரீட்சையிலே என் வகுப்பிற் பாதிப்பேர் தவறிவிட்டனர். மாணவர் பெயர் குறிப்பிடாது எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்களில் ஒன்று, எனக்குக் கற்பிக்கத் தெரியாதென்றும் வேறொருவரை நியமிக்குமாறும் கூறிற்று. அன்றிரவு முழுவதும் எனக்காக நானே வாதாடினேன்: பாடம் கடினமானது, காலம் போதாது, மாணவர் உழைக்கவில்லை. விடியுமுன் ஓர் உண்மை உறைத்தது. பயிற்றுநரும் ஆட்டம் முடிந்தபின் ஏறத்தாழ இவற்றையே கூறியிருந்தார். அதைக் கேட்டு நான் நகைத்திருந்தேன்.

அதன் பின்னரே இவ்விளையாட்டின் வரலாற்றை ஆர்வத்தோடு படித்தேன். வட கரோலினாப் பல்கலைக்கழகத்திலே 1961 ஆம் ஆண்டு பொறுப்பேற்ற டீன் சிமித்துக்கு, 1965 இல் ஒரு தோல்வியின் பின் மாணவர்களே கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டனர். அவரே 1982 இலும் 1993 இலும் தேசிய வெற்றியை ஈட்டிக் கொடுத்தார். அயலிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் மைக் ஷஷெவ்ஸ்கியின் இரண்டாம், மூன்றாம் பருவங்களில் வெற்றிகள் முறையே 10, 11. தோல்விகளோ ஒவ்வொன்றிலும் 17. அவரை நீக்குமாறு ஆதரவாளர் வற்புறுத்தினர். விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ரொம் பற்றர்ஸ் அதற்கு இணங்காது, 1984 இல் ஒப்பந்தத்தை நீடித்தார். 2022 இல் ஓய்வு பெற்றபோது ஷஷெவ்ஸ்கி ஐந்து தேசிய வெற்றிகளுக்கு உரியவராயிருந்தார்.

இக்கதைகளால் மாத்திரம் பொறுமையே எக்காலத்தும் வெல்லும் எனத் துணிதல் பேதைமை. ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு 1984 இல் ஆட்டக்காரராகப் புகழ் தேடித் தந்த பட்ரிக் யூவிங், 2017 இல் அங்கேயே பயிற்றுநரானார். 2021 இல் பிராந்தியச் சுற்றுப்போட்டியை வென்றவர், அடுத்த பருவத்திலே பிராந்திய ஆட்டங்கள் 19 இலும் தோற்றார். 2023 இல் நீக்கப்பட்டார். பழம்புகழும் அன்பும் தோல்விக்கு என்றென்றும் ஈடாகா. பெருஞ் சம்பளம் பெறும் ஒருவரிடம் கணக்குக் கேட்பதும் நியாயமே.

ஆனால், கணக்குக் கேட்பது வேறு. ஒருவரின் வீழ்ச்சியிலே இன்பங்காண்பது வேறு. கூச்சலைக் கேட்டவர் பயிற்றுநர் மாத்திரமல்லர். களத்தில் நின்ற பத்தொன்பது, இருபது வயது மாணவரும் கேட்டனர். பந்தைக் கையில் வாங்கவே அவர்கள் அஞ்சியதை நான் கண்டேன். தோல்வியைக் கண்டு கூச்சலிட்டோம். கூச்சலும் தோல்வியை வளர்த்தது.

பருவ முடிவில் அவர் நீக்கப்பட்டார். அம்முடிவு தவறென்று இன்றும் நான் கருதவில்லை. இறுதி ஆட்டத்திலும் தோற்றபின், அவர் தம் மாணவர் ஒவ்வொருவரின் கையையும் பற்றி ஏதோ கூறிவிட்டே வெளியேறினார். அன்று நான் வாய் திறக்கவில்லை. மறுவாரம் வகுப்பிலே, புதிய பாடத்தைத் தொடங்காது, தவறிய வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, எனது விளக்கம் எங்கே பிழைத்தது என்று மாணவரிடமே கேட்டேன். முதலில் எவரும் பேசவில்லை. பின்னர் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

இன்று நானும் விரிவுரையாளன். விடைத்தாட் கட்டை அவிழ்க்குந்தோறும் அவ்வரங்கத்தின் கூச்சல் என் காதில் ஒலிக்கின்றது. அதிலே என் குரலும் கலந்திருக்கின்றது.