ரெண்டே நிமிஷம்... முடிச்சுட்டு வந்துடறேன்!

“என்னங்க... கொஞ்சம் வாங்களேன்!”

இரவு 11 மணிக்குப் படுக்கையறையிலிருந்து மனைவி கூப்பிட்டபோது, கூடத்தில் செல்போனும் கையுமாக இருந்தவருக்கு 41 விநாடிகள் பாக்கி இருந்தன. எதிராளியைவிட ஒரு யானை அதிகம். ஜெயிக்கிற ஆட்டம். இணையச் செஸ்ஸில் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. எழுந்து போனால் தோல்விதான்.

“ரெண்டே நிமிஷம்மா... முடிச்சுட்டு வந்துடறேன்!”

நேரம் தீர்ந்து அந்த ஆட்டத்தில் தோற்றார். ஆத்திரத்தில் அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்தார். அதற்குள் சுவரைப் பிடித்தபடி மனைவியே வெளியே வந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கைநடுக்கம். சர்க்கரை இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அந்த மௌனம்தான் கணவரைச் சுட்டது.

அவர் 30 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு பேத்திதான் செஸ் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஆளுக்கு 3 நிமிடம். ஆட்டம் 6 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று நள்ளிரவு வரை ஓடும். எட்டு மாதம் ஆடியும் ரேட்டிங் 700-ஐத் தாண்டவில்லை. ‘வயசாயிடுச்சு, விரல் ஓட மாட்டேங்குது’ என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

அன்றிரவே செயலியை நீக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் போட்டிகளில் ஆடுபவள். தாத்தாவின் பழைய ஆட்டங்களைத் தன் போனில் திறந்து பார்த்தாள்.

“தாத்தா, உங்க விரல் நல்லாத்தான் ஓடுது. எதிராளி ஏன் அந்தக் காயை வெச்சார்னு பார்க்காமலே ஓடுது!”

அவர் சிரித்துவிட்டார்.

“கூட்டமான பஸ்ல டிக்கெட் எடுக்காதவரை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“முகத்தைப் பார்த்தாலே தெரியுமேம்மா.”

“வேலைக்குச் சேர்ந்த மொத நாளே தெரிஞ்சுதா?”

தாத்தாவிடம் பதில் இல்லை.

வேகச் செஸ்ஸின் ரகசியமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டங்களில் வந்த நிலைகளை 5 விநாடி மட்டும் காட்டி, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர், புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியாக வைத்தார். ஆனால், காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டராலும் புதியவர் அளவுக்குத்தான் முடிந்தது. மாஸ்டருக்கு இருப்பது அபார நினைவாற்றல் இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்!

விஸ்வநாதன் ஆனந்தின் வேகமும் அப்படி வந்ததுதான். சிறுவயதில் சென்னையின் டால் செஸ் கிளப்பில் அதிவேக ஆட்டங்கள் ஆடி வளர்ந்தார். அங்கே ஜெயித்தவர் நாற்காலியில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு வயதாகவில்லை. 2017-ல், 48 வயதில் உலக ரேபிட் சாம்பியன் பட்டத்தை வென்றார் ஆனந்த்.

பேத்தி தாத்தாவுக்கு நான்கு நிபந்தனைகள் போட்டாள்.

முதலாவது, கொஞ்ச நாளைக்கு 10 நிமிட ஆட்டம் மட்டும். பிறகு 3 நிமிடத்துக்குத் திரும்பினாலும், ஒவ்வொரு நகர்வுக்கும் 2 விநாடி சேரும் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 40 நகர்வுக்கு 80 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். ஜெயிக்கிற ஆட்டத்தை நேரத்தால் இழக்கும் கொடுமை குறையும்.

இரண்டாவது, காலையில் 15 நிமிடம் எளிய புதிர்கள். குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் ராணியையும் தாக்குவது, சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் சிக்கிய ராஜாவைக் கடைசி வரிசையில் யானை மடக்குவது என அதே வகைகளைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். யோசிக்காமலே கண்ணில் படும்வரை.

மூன்றாவது, வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு ஒரு தொடக்கம் போதும். வெள்ளையில் ‘லண்டன் சிஸ்டம்’. கறுப்பில், எதிராளி ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால் ‘கேரோ-கான்’. முதல் சில நகர்வுகளுக்கு நேரம் செலவாகாது.

நான்காவது, தோற்ற ஆட்டத்தில் எங்கே கோட்டைவிட்டோம் என்று ஒரே ஓர் இடத்தையாவது பார்த்த பிறகுதான் அடுத்த ஆட்டம். தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் போனை மூடிவிட வேண்டும். கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டம் ஆரம்பிக்கும்போதே பாதி தோற்றதுதான்.

ஐந்தாவது நிபந்தனையைத் தாத்தாவே சேர்த்துக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் ஓடியது. ஆட்டங்கள் நாளுக்கு நான்கைந்தாகக் குறைந்தன, ரேட்டிங் ஏறியது. போன வாரம் ஓர் இரவு 998. ஜெயித்தால் நான்கு இலக்கம்! எதிராளியின் ராணி விழுந்துவிட்டது. ஒன்றரை நிமிடம் பாக்கி.

“என்னங்க...”

திரையின் ஓரத்திலிருந்த கொடியைத் தொட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார்.

“வந்துட்டேம்மா. என்ன, உடம்புக்கு என்ன பண்ணுது?”

“ஒண்ணும் இல்லைங்க. தண்ணி தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க!”

8 புள்ளிகள் போயிருந்தன. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, போனைச் சார்ஜில் போட்டார். அது நாளைக்கும் கிடைக்கும்.