பாதியில் நிறுத்திய ஊசி

எங்க செவலைக்கு ரெண்டாவது ஈத்தில் மடிநோய் வந்தது. ஒரு காம்பு கல்லு மாதிரி இறுகி, பால் திரிதிரியாக வந்தது. டாக்டரம்மா அஞ்சு நாள் ஊசி எழுதினாங்க. ரெண்டாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. காசு மிச்சம் என்று மூன்றாம் நாள் ஊசியை நிறுத்திவிட்டேன். ஊசி போடும் நாட்களிலும் அதற்குப் பிறகு சில நாளும் பாலை விற்கக் கூடாது என்று சொல்லியிருந்தாங்க. நல்ல மூணு காம்புப் பாலை சொசைட்டியில் ஊற்றினேன். இதை எழுதக் கை கூசுகிறது. அந்தப் பால் உங்களில் யாரோ ஒருத்தர் வீட்டுக் காபிக்குத்தானே வந்திருக்கும்?

இருபது நாளில் நோய் திரும்பியது. அதே ஊசிக்கு இந்தத் தடவை அசையவே இல்லை. பாலை ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தால், அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாதாம்.

"நீங்க போட்ட ரெண்டு ஊசியில செத்தது நோஞ்சான் கிருமிண்ணே. தாக்குப்பிடிச்சது இப்ப பெருகி நிக்குது."

வேறு மருந்தில் மாடு பிழைத்தது. அந்தக் காம்பு வறண்டுவிட்டது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945 நோபல் உரையிலேயே, அரைகுறையாக மருந்து எடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்திருக்கிறார். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் போடும் கோலிஸ்டினைக் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் பயன்படுத்தக் கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடை போட்டது. கொட்டகையில் பழகிய கிருமி கொட்டகையோடு நிற்காது என்பதுதான் காரணம்.

இப்போ எங்க வழக்கம் மாறிவிட்டது. கறந்ததும் தீவனம் போட்டு அரைமணி நேரம் மாட்டைப் படுக்க விடுவதில்லை. திறந்திருக்கும் காம்புத் துளை வழியாகத்தான் கிருமி ஏறும். மடி லேசாகச் சூடு கண்டாலே, பாலை முழுசாகப் பீய்ச்சிவிட்டு, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, அஞ்சு நாள் பூசுகிறோம். தேசிய பால்வள வாரியமும் பரப்பும் முறை இது. காய்ச்சல் அடித்தாலோ தீனி எடுக்காவிட்டாலோ காத்திருப்பதில்லை, டாக்டரம்மாதான். ஊசி என்றால் சொன்ன நாள் முழுக்க.

போன மாதம் அப்படி ஒரு ஊசி தேவைப்பட்டது. சொசைட்டியில் கேட்டாங்க, "என்னண்ணே, பால் பாதியாயிடுச்சு?"

"செவலைக்கு ஊசி போட்டிருக்கு. அது பாலை ஊத்தலை" என்றேன்.