ஜெர்மின் தெருவில் இரண்டு பிரஷ்கள்

லண்டனுக்குப் போகிறவர்கள் மாவடு, அப்பளம், பருப்புப் பொடி என்று எதை எதையோ எடுத்துக்கொண்டு போவார்கள். நான் எடுத்துக்கொண்டு போனது இரண்டு பழைய க்ஷவர பிரஷ்கள். சிரிக்காதீர்கள், வாசகர்களே! என் மனைவி ஏற்கனவே உங்களுக்கும் சேர்த்துச் சிரித்தாகிவிட்டது.

"ஏங்க, ஊர் உலகத்தில் பிரஷ் கழுவத் தண்ணீர் இல்லையென்றா லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

விஷயம் அதுவல்ல. ஒரு பிரஷ் என் தகப்பனாருடையது. பேட்ஜர் என்று மேல்நாட்டில் ஒரு பிராணி உண்டு; வளை தோண்டி வாழ்வது, முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். அதன் மயிரில் செய்த பிரஷ் அது. நாற்பது வருஷம் தினந்தோறும் காலையில் அப்பாவின் முகத்தில் நுரை பூசியது. இன்னொன்று என் தாத்தாவுடையது. அவர் முதல் உலக யுத்தத்தில் சென்னை ஸாப்பர்ஸ் படையோடு மெஸபொடேமியாவுக்குப் போனவர். 1919-ல் ஊர் திரும்பியபோது ஒரு மெடலும், ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டிக்குள்ளே புத்தம் புதிய க்ஷவர பிரஷ். சாகும்வரையில் அவர் அதை உபயோகிக்கவே இல்லை. சின்ன வயதில் நான் ஒரு தரம் பெட்டியைத் திறந்து பிரஷை முகர்ந்து பார்த்தேன். பாட்டி என் கையில் ஒன்று வைத்துப் பிடுங்கி மூடிவிட்டாள். அதோடு சரி.

என் பையன் லீட்ஸ் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அடுத்த தை மாதம் கல்யாணம். இரண்டு பிரஷ்களையும் நன்றாகச் சுத்தம் செய்து, "இது தாத்தா, இது கொள்ளுத் தாத்தா" என்று அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பிரஷ் சுத்தம் செய்யும் வித்தையைக் கேட்க, அதற்கென்றே பெயர் போன தெருவுக்குத்தானே போக வேண்டும்?

பிக்காடில்லி சர்க்கஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தில் நசுங்காமல் தெற்கே இரண்டு நிமிஷம் நடந்தால் ஜெர்மின் தெரு வந்துவிடும். பக்கத்திலே பிக்காடில்லி ஹோவென்று இரைந்துகொண்டிருக்க, இந்தத் தெரு மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்த பெரிய மனிதர் மாதிரி அமைதியாக இருக்கும். சட்டைக் கடை, பூட்ஸ் கடை, பாலாடைக் கட்டிக் கடை, வாசனைத் திரவியக் கடை. ஒரு பக்கம் கிறிஸ்டோபர் ரென் கட்டிய புனித ஜேம்ஸ் தேவாலயத்தின் பின்புறம். சற்றுத் தள்ளி நடுத்தெருவிலே ஒரு வெண்கல ஆசாமி ஒயிலாக நிற்கிறார். அவர்தான் போ பிரம்மெல். 1778-ல் பிறந்து, லண்டன் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் உடை உடுத்தவும், தினந்தோறும் குளித்து மழுங்கச் சிரைத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்த அலங்காரச் சக்கரவர்த்தி. கடைசியில் கடன் தொல்லை தாங்காமல் பிரான்ஸுக்கு ஓடி, 1840-ல் அங்கேயே ஏழையாக மாண்டார். 2002-ல் அவருக்கு இங்கே சிலை வைத்தார்கள். கடன்காரர்கள் இப்போது யாரும் வருவதில்லை, நிம்மதியாக நிற்கிறார்.

இந்த வட்டாரத்தில் க்ஷவர சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 1805-ல், 1854-ல், 1875-ல் ஆரம்பித்தது என்று ஒவ்வொரு கடையும் ஜாதகத்தைப் பெயர்ப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கும். நாங்கள் ஒரு கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடி அலமாரியில் பிரஷ்கள் தலைகீழாகத் தொங்கின. கவுண்டருக்குப் பின்னால் நரைத்த தலையும், மடிப்புக் கலையாத கோட்டுமாக ஒரு பெரியவர் நின்றார்.

அப்பாவின் பிரஷை எடுத்து நீட்டினேன். அவர் நம் ஊர் வைத்தியர் நாடி பார்ப்பதுபோல மயிரின் அடிப்பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "உங்கள் ஊர்த் தண்ணீர் கடினமோ?" என்றார்.

"கிணற்றுத் தண்ணீர். பருப்பு வேகாது!"

"லண்டனிலும் அப்படித்தான். சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர். அந்தச் சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். அது மயிரின் அடியிலே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போகாது" என்றார்.

"கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டால்?" என்று கேட்டேன்.

மனிதர் பதறிப்போய்விட்டார்! கொதிநீரில் மயிர் முரடாகிவிடுமாம், பிடிக்குள் மயிரை நிறுத்தி வைத்திருக்கும் பிசின் இளகிவிடுமாம், பிரஷ் மொட்டையாகிவிடுமாம். அவர் சொன்ன முறை இதுதான். உங்களிடமும் ஒரு பிரஷ் இருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலில், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவச் சோப்போ, ஷாம்புவோ ஒரு சொட்டு விட்டு, உள்ளங்கையில் நுரை எழுப்புவதுபோலப் பிரஷைச் சுழற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சோப்பும் போய்விடும். பிறகு, ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பிடி நனையாதபடி மயிரை மட்டும் சில நிமிஷம் ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்புப் பிசுக்கு விட்டுப்போகும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. முடி திருத்துகிறவர்கள் சீப்பைப் போட்டு வைக்கிறார்களே, பார்பிஸைட் என்று நீல நிறத் திரவம். 1947-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. அதைப் புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்துப் பத்து நிமிஷம் வைத்தால் போதும். நன்றாக அலசி, உதறி, துவாலையில் ஒற்றி, காற்றாட வைத்துவிட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவது மகா பாபம், பூஞ்சை பிடிக்கும். தினந்தோறும் சோப்புப் போக அலசி உலரவைக்கிறவர்களுக்கு இந்தப் பெரிய ஸ்நானம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

"வினிகருக்கு முன்னாலேயே கிருமிநாசினியைப் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "ஏடு ஒட்டிக்கொண்டிருக்கும் பால் பாத்திரத்தைத் தேய்க்காமல் வெந்நீரை மட்டும் ஊற்றினால் சுத்தமாகிவிடுமா?" என்றாள். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். பெரியவர் தலை குனிந்து அவளுக்கு வணக்கம் செலுத்தினார். "அம்மணி சொன்னதுதான் விஷயம். அழுக்கு என்பது கிருமிக்குக் குடை" என்றார்.

இந்த உற்சாகத்தில் தாத்தாவின் தகரப் பெட்டியை எடுத்து கவுண்டர் மேல் வைத்தேன். "இதையும் செய்துவிடலாம். யுத்தத்திலிருந்து வந்தது. ஒரு தரம் கூட உபயோகிக்காதது" என்றேன்.

பெரியவரின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. "எந்த யுத்தம்?"

"முதல் யுத்தம்."

பெட்டியைத் திறக்கப் போன என் கையை அவர் மெதுவாகத் தடுத்தார். "ஐயா, தயவுசெய்து திறக்க வேண்டாம்."

அப்போது அவர் சொன்ன கதையைக் கேட்டு எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுவிட்டது.

யுத்தகளத்தில் விஷப் புகை வந்தபோது சிப்பாய்கள் முகமூடி அணிய வேண்டியிருந்தது. தாடி இருந்தால் முகமூடி சரியாகப் பொருந்தாது. ஆகையால் க்ஷவரம் கட்டாயம். லட்சக்கணக்கில் பிரஷ்கள் தேவை. பழைய வியாபார வழிகளோ யுத்தத்தில் அடைபட்டுவிட்டன. பேட்ஜர் மயிர் கிடைக்காமல், கிழக்கு ஆசியாவிலிருந்து குதிரை மயிர் வந்தது. பேட்ஜர் போலவே தோன்றும்படி அதைச் சாயம் தோய்த்துப் பிரஷ் செய்தார்கள். அந்த மயிர் எல்லாம் சரியாகச் சுத்திகரிக்கப்படவில்லை. நம் ஊர் மாட்டுக்காரர்கள் 'அடைப்பான்' என்று நடுங்குவார்களே, அந்த ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. புதுப் பிரஷில் நுரை பூசி, கத்தி லேசாகக் கீறினால் போதும். சில நாளில் கழுத்திலோ கன்னத்திலோ ஒரு சின்னக் கொப்புளம், பிறகு வலியில்லாத கன்னங்கறுத்த புண், வீக்கம். பென்சிலின் இல்லாத காலம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாகச் சிப்பாய்களும் பொதுமக்களும் இருநூறு பேருக்கு மேல் இந்த விதமாக நோயில் விழுந்தார்கள், பலர் பிழைக்கவில்லை. குண்டுக்குத் தப்பியவன் க்ஷவர பிரஷுக்குத் தப்பவில்லை! 1920-ல் ஜப்பானியப் பிரஷ்கள் பிரிட்டனுக்குள் வரக் கூடாதென்றே உத்தரவு போட்டார்கள்.

"இந்தக் கிருமி விதை மாதிரி உறை போட்டுக்கொண்டு பல வருஷம் தூங்கும். சற்று நேரம் கொதிக்க வைத்தாலும் சாகாது. என்னிடமுள்ள நீலத் தண்ணீரும், வினிகரும் அதற்கு லட்சியமில்லை. உங்கள் பிரஷில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லாமலிருப்பதற்கே அதிக இடமுண்டு. ஆனால் அந்தக் காலத்துப் பிரஷ், புதியது, என்ன மயிர் என்று தெரியாதது. இதை ஒரு பிள்ளையின் முகத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்" என்றார் பெரியவர். பிறகு, "நீங்கள் வடக்கே போகிறீர்களானால் பிராட்போர்டையும் பாருங்கள். குடை சமாசாரம் அங்கே கண்டுபிடித்ததுதான்" என்றார்.

லீட்ஸிலிருந்து பிராட்போர்டுக்கு ரயிலில் இருபது நிமிஷம்தான். பையனையும் அழைத்துக்கொண்டு போனோம். ஒரு காலத்தில் உலகத்துக் கம்பளி வியாபாரத்துக்கே தலைநகரம் இது. 1867-ல் திறந்த கம்பளிச் சந்தை மாளிகை இன்றைக்குப் புத்தகக் கடை. உயர்ந்த தூண்களுக்கும் வளைவுகளுக்கும் கீழே நாவல்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். குன்றின் மேலே அண்டர்கிளிஃப் மயானத்தில் வியாபாரப் பிரபுக்களின் சமாதிகள் கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. கம்பளி பிரித்த கூலிக்காரர்களுக்கு அப்படிக் கோபுரம் ஏது? தூர தேசங்களிலிருந்து வந்த ஆட்டு மயிரையும் ஒட்டக மயிரையும் கையால் பிரிக்கும்போது, தூசியோடு அதே ஆந்த்ராக்ஸை அவர்கள் சுவாசித்தார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனவன் வாரம் முடிவதற்குள் பிணமாவதுண்டு. 'கம்பளி பிரிப்போர் நோய்' என்றே அதற்குப் பெயர்.

இந்த ஊரில் வளர்ந்த பிரெடரிக் யூரிச் என்ற டாக்டர் 1905 முதல் அந்தக் கிருமியின் பின்னாலேயே அலைந்தார். தம் உயிரைப் பணயம் வைத்துப் பொதி பொதியாகக் கம்பளியைச் சோதித்தார். செத்த பிராணியின் ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கும் கம்பளியில்தான் ஆபத்து அதிகம் என்றும், அந்த ரத்தக் கட்டி கிருமிக்குக் கவசமாக இருக்கிறது என்றும் காட்டினார். டக்கரிங் என்ற தொழிற்சாலை ஆய்வாளரும் சேர்ந்து வழி கண்டார். முதலில் சோப்பும் காரமும் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி ரத்தத்தைக் கரைக்க வேண்டும். அதற்குப் பிறகே பார்மலின் மருந்து. 1919-ல் சட்டம் வந்தது. 1921-ல் லிவர்பூலில் அரசாங்கமே சுத்திகரிப்பு நிலையம் திறந்தது. ஆபத்தான சரக்கு துறைமுகத்திலேயே குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைய முடிந்தது.

கம்பளிச் சந்தையின் வளைவுக்குக் கீழே உட்கார்ந்து காப்பி சாப்பிட்டபடி இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். கோடி ரூபாய்க் கம்பளிப் பொதிக்கும் என் அப்பாவின் பிரஷுக்கும் சட்டம் ஒன்றேதான்: முதலில் அழுக்கு, பிறகு மருந்து. ஆனால் ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. சில ஆபத்துக்களை வீட்டிலே கழுவித் தீர்க்க முடியாது; அவற்றைத் துறைமுகத்திலேயே நிறுத்த வேண்டும்.

பையன் கேட்டான்: "கொள்ளுத் தாத்தா ஏன் அந்தப் பிரஷை உபயோகிக்கவேயில்லை, அப்பா?"

நல்ல பிரஷ் என்று பத்திரப்படுத்தினாரா? கூடவிருந்த சிப்பாய் யாருக்காவது ஏதாவது நேர்ந்ததைப் பார்த்தாரா? பாட்டி அன்றைக்கு என் கையில் வைத்த அடி இப்போது வேறு மாதிரி வலித்தது. அவள் தெரிந்துதான் அடித்தாளோ என்னவோ!

அன்றிரவு லீட்ஸில், பையன் வீட்டுக் குளியலறையில் அப்பாவின் பிரஷுக்கு முறைப்படி அபிஷேகம் நடந்தது. வினிகர்த் தண்ணீரில் நாற்பது வருஷத்துச் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து வந்தது. காலையில் உலர்ந்த பிரஷ் பூப்போல விரிந்திருந்தது. அவன் அதில் நுரை எழுப்பிக் கன்னத்தில் பூசிக்கொண்டபோது, கண்ணாடியில் ஒரு கணம் என் அப்பாவைப் பார்த்தேன். "உன் பிரஷை யாருக்கும் இரவல் கொடுக்காதே. நீயும் வாங்காதே" என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஊர் முகத்துக்கெல்லாம் ஒரே பிரஷ் போடுகிற கடையானால், "எனக்குப் பிரஷ் வேண்டாம்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

தாத்தாவின் தகரப் பெட்டி? திறக்காமலே ஊருக்குத் திரும்பி வந்தது. பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுத்து, மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்துவிட்டேன். இப்போது அலமாரியில் மெடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள், "உள்ளே என்ன?" என்று கேட்கிறார்கள்.

"ஒரு யுத்தம்" என்கிறாள் என் மனைவி.